இருபத்து மூன்று மஞ்சள்

மஞ்சளில் எனக்கு இருபத்து மூன்று வகை தெரியும். எலுமிச்சை, மாம்பழம், சந்தனம், கடலைமாவு, தாழம்பூ, வெந்தயம், கடுகு, சாமந்தி என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவேன். என் பெயர் சுப்பராயலு. ஆரணிக் கொசப்பாளையத்தில் முப்பத்தோரு வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். 'கலர் விஷயத்துல சுப்பராயலு கண்ண யாரும் ஏமாத்த முடியாது' என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆள் நான்தான். இப்பேர்ப்பட்ட என் கண்ணிலேயே மஞ்சள் ஏறியபோது, ஊரில் அதைக் கடைசியாகப் பார்த்தவனும் நான்தான்.

முதலில் பார்த்தது என் மனைவி தனக்கோடி. போன வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம், முகம் கழுவிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"இன்னாங்க, உங்க கண்ணு மஞ்சளா கீதே."

நல்ல புருஷனாக இருந்தால் கண்ணாடியைப் பார்த்திருப்பேன். நான் கலர் தெரிந்த புருஷன். "மஞ்சளா? எந்த மஞ்சள்? மாம்பழத்துக்கும் கடுகுக்கும் வித்தியாசம் தெரியாதவ நீ. டியூப்லைட்ல கலர் பாக்கக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்?" என்று எகிறினேன். அவள் துண்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்கப்புறம் என் கண்ணைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் செய்த முட்டாள்தனத்தின் முழு ருசி உங்களுக்குக் கிடைக்காது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. விறகு அடுப்பின் மேல் என் இடுப்பு உயரத்துக்கு அண்டா. தண்ணீர் கொதி வருகிற சமயத்தில் சாயத்தைக் கரைத்து, சிட்டம் என்கிற பட்டு நூல் கற்றைகளைக் கோலில் மாட்டி உள்ளே இறக்கி, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் ஐந்து நிமிஷம் நகர்ந்தால் நூலில் திட்டுத்திட்டாகச் சாயம் பிடிக்கும். அண்டா முன்னால் நிற்பது நான். சிட்டங்களை அலசிக் கொடியில் போடுவது தனக்கோடி. ஒரு கலர் முடிந்ததும் அதில் விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டிவைப்போம். அதுதான் சாம்பிள். அடுத்த முறை அதே கலர் வேண்டுமென்றால் அதை வெளிச்சத்தில் வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். முடிச்சுப் போடுகிற வேலை அவளுடையது, பார்க்கிற வேலை என்னுடையது. இதில் எது பெரிய வேலை என்பதை அவளுக்கு அவ்வப்போது ஞாபகப்படுத்துவேன்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் பட்டு வியாபாரி சுதாகர் வந்தார். அவர் நெய்யக் கொடுக்கும் சேலைகளுக்கு நூல் சாயமெல்லாம் என் பட்டறையில்தான். இப்போதெல்லாம் பார்ட்டிகள் நூல் சாம்பிள் அனுப்புவதில்லை, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறார்கள். ஒரு போனில் பார்த்தால் எலுமிச்சை, இன்னொரு போனில் பார்த்தால் எருமைச்சாணி. சுதாகர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். நீட்டியவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. பார்ட்டி கேட்ட கலரு உங்க கண்ணுலயே கீது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னை வெயிலுக்கு இஸ்துக்கொண்டு போய் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "இன்னாண்ணே இது, காமாலை முத்திப் போயிக்கீது. ஜல்தி கெளம்புங்க" என்றார். தனக்கோடி சிட்டத்தை அலசிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

நாங்கள் ஜல்தியாகத்தான் கிளம்பினோம், ஆனால் தப்பான திசையில். தேசூர் பக்கம் ஒரு ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, ஒன்பது நாள் மோரில் கலந்து குடித்தேன். வயிறு வீங்கியது. அப்புறம்தான் வேலூருக்குப் போனோம். ஸ்கேன், ரத்தம், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் முடிந்து, ஈரல் சுருங்கிப் போயிருக்கிறது என்றார்கள். வருஷக்கணக்கில் கொழுப்புப் படிந்து, கூடவே சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலையாம். இனி அது பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

"எத்தனை வருஷமா குடிக்கறீங்க?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர்.

"குடிக்கறதே இல்லீங்க."

"பரவாயில்ல, உண்மையச் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் நான் குடித்தது காபியும் கீழாநெல்லியும்தான். என் கல்யாணத்தில் மாமனார் வீட்டார் ஊற்றிக் கொடுத்த பீரைக்கூட வாழைமரத்துக்கு ஊற்றினவன். ஆற்காடு போகும்போதெல்லாம் நெய்யும் ஜீராவும் சொட்டுகிற மக்கன் பேடா அரை டஜன் தின்றிருக்கிறேன், அது உண்மை. ஆனால் மக்கன் பேடா தின்று ஈரல் கெட்டவன் என்று சொன்னால் ஊரில் எவன் நம்புவான்? அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி பார்க்க வந்தார். இருபது வருஷமாக சாயந்திரம் ஆனால் தவறாமல் ஊற்றிக்கொள்கிறவர். என் பாய் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "இத்தினி நாளு எனக்குக்கூடத் தெரியாம மறச்சிட்டியேடா" என்று கண் கலங்கினார். அவருக்கு ஈரல் பளிங்கு மாதிரி இருக்கிறதாம், டெஸ்ட் எடுத்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றிருப்பேன். எழ முடியவில்லை.

ஏனென்றால் அப்போது என் முதுகும் போயிருந்தது. அது ஈரலுக்கு முந்தின கதை. பட்டறையில் நூல் வேகவைத்த சோப்புத் தண்ணீர் தரையில் கிடந்ததில் வழுக்கி, தூக்கின சிட்டத்தோடு மல்லாந்தேன். கீழ்முதுகில் எலும்பு ஒன்று நசுங்கி நரம்பை அழுத்திக்கொண்டது. அன்றிலிருந்து வலி. நின்றால் வலி, உட்கார்ந்தால் வலி, தும்மினால் உயிர் போய்த் திரும்பும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைச் சுண்டல் மாதிரிப் போட்டுக்கொண்டே ஒன்றரை வருஷம் அண்டா முன்னால் நின்றேன். ஈரல் விஷயம் தெரிந்ததும் அந்த மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் ரத்தம் கசியும், கிட்னியும் போகும் என்றார்கள். ஆபரேஷனும் முடியாது, இந்த ஈரலை வைத்துக்கொண்டு மயக்க ஊசி தாங்காது.

அதன்பிறகு நாலு மாதம் நான் தரையில் கிடந்தேன். கக்கூஸுக்குப் போகத் தனக்கோடிதான் தூக்கி நிறுத்துவாள். ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளை, 'இரு, இரு, மெல்ல' என்று கத்திக்கொண்டு பெண்டாட்டி தோளில் தொங்கிக்கொண்டு போவேன். ஒருநாள் பாதி வழியில் தாங்காமல் வேட்டியிலேயே போய்விட்டது. அவள்தான் கழுவிவிட்டாள். அன்றைக்குச் செத்துப் போகலாம் என்றுதான் நினைத்தேன். எழுந்து போய்ச் சாக முடியாத நிலைமையில் இருந்ததால் தப்பித்தேன்.

அப்புறம்தான் ஃப்ளோரன்ஸ் டாக்டரிடம் அனுப்பினார்கள். வேலூரிலேயே வலிக்கென்று தனியாக வைத்தியம் பார்க்கிறவர். அவர் கொடுத்தது மார்ஃபின் ஜாதியைச் சேர்ந்த ஒரு பிளாஸ்திரி. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. நெஞ்சில் தோள்பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் ஏழு நாளைக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே இறங்கும்.

"இது சாதாரண மருந்து இல்ல. நல்ல ஈரல் இதைச் சீக்கிரம் வெளியேத்திடும். உங்க ஈரல் மெதுவாத்தான் பண்ணும், அதனால உள்ளயே சேந்துடும். ரொம்பச் சின்ன அளவுல ஆரம்பிக்கறேன்" என்றார் டாக்டர். "பிளாஸ்திரி மேல சூடு படவே கூடாது. வெந்நீர் ஒத்தடம், ஹாட் வாட்டர் பேக் எதுவும் வேணாம். சூடு பட்டா ஒரு வாரத்து மருந்து ஒரே நாள்ல இறங்கும். அப்புறம் இந்த சிரப். தினமும் ரெண்டு மூணு தடவை வயிறு போகணும். இந்த மருந்து மலச்சிக்கல் பண்ணும். மலம் தங்கினா அந்த விஷம் மூளைக்கு ஏறும், உங்க ஈரலால தடுக்க முடியாது. புரியுதா?"

தலையாட்டினேன். தனக்கோடி பக்கம் திரும்பி, "தினமும் காலைல இவரை ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கம்மா, பஸ்ஸ நிறுத்தற மாதிரி. கை படபடன்னு அடிச்சாலோ, பகல்ல தூங்கினாலோ, பேச்சு மாறினாலோ உடனே போன் பண்ணணும்" என்றார். அப்புறம் என்னிடம், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் என் முழுத் திறமையையும் காட்டினேன். சாயம் போடுகிறவர்கள் கல்யாணம் காட்சி என்று வெளியே போவதற்கு முந்தின நாள், கையை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து எலுமிச்சைத் தோலால் தேய்த்துவிடுவோம். இல்லாவிட்டால் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவன் சோற்றைப் பார்க்கமாட்டான், நம் கையைத்தான் பார்ப்பான். ஆஸ்பத்திரிக்கும் நான் அப்படித்தான் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பால் மாதிரிக் கை.

"பட்டுத் தொழிலுங்க, ஆரணியில" என்றேன்.

"ஓ, பட்டு வியாபாரமா? உக்காந்த வேலைதான். நல்லதாப் போச்சு" என்று எழுதிக்கொண்டார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அம்பது வருஷமாக ஒருத்தரும் என்னை முதலாளி என்று நினைத்ததில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. தனக்கோடி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பிளாஸ்திரி ஒட்டிய மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தேன். ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். வலி. அது இருந்தது, ஆனால் பக்கத்துத் தெருவில் மைக் செட் பாடுகிற மாதிரி தூரத்தில் இருந்தது. சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். தனியாகக் கக்கூஸுக்குப் போனேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். வலித்தபோதெல்லாம் அழாதவன், வலி இல்லாததற்கு அழுதேன். வெளியே வந்தபோது தனக்கோடி அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவளும் அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

ஊரில் உடனே சேதி பரவியது. முதலில் குடிகாரன், இப்போது அபின்காரன். பொன்னுசாமி வந்து பிளாஸ்திரியை உற்றுப் பார்த்துவிட்டு, "போதை எப்பிடி கீது?" என்று கேட்டார். "மலம் போகுது" என்றேன். அத்தோடு அவர் ஆசை போயிற்று.

பத்தாம் நாள் பட்டறைக்குப் போய் நின்றேன். சூட்டைப் பற்றி டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் சொன்னது வெந்நீர் ஒத்தடத்தைப் பற்றியும் ஹாட் வாட்டர் பேக்கைப் பற்றியும். அண்டா என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. வக்கீல் மாதிரி இப்படி எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். தனக்கோடி, "டாக்டரம்மா கைல கேட்டுகினு அப்பால நிக்கலாம்ங்க" என்றாள். "கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க" என்றேன். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது.

நின்றபோது ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். வீட்டில் இருக்கும்போது லேசாக இருக்கிற வலி, அண்டா முன்னால் ஆவியில் நின்றால் சுத்தமாக இல்லை! உடம்பு வெண்ணெய் மாதிரி இளகியது. மனசு கோயில் குளம் மாதிரி அமைதி. 'உழைக்கிறவனுக்கு உழைப்புதான் மருந்து' என்று பொன்னுசாமியிடம் ஒரு பிரசங்கமே செய்தேன். வலி கொஞ்சம் தலைதூக்கினால் அடுப்புக்கு இன்னும் ஒரு அடி நெருங்கி நிற்பேன். டாக்டர்களுக்கே தெரியாத ரகசியம் என்று நினைத்தேன். டாக்டருக்குத் தெரிந்து, அவர் என்னிடமே சொல்லி, நான் தலையாட்டிய ரகசியம் அது.

சிரப்பையும் விட்டேன். சாயம் போடுகிற நாளில் நடுவில் மூன்று தடவை ஓடினால் நூல் என்ன ஆவது? அதனால் அண்டா ஏற்றும் நாளில் சிரப் கிடையாது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு நூல் போகிற சீசனில் அண்டா ஏற்றாத நாளே கிடையாது.

காலையில் தனக்கோடி கையை நீட்டச் சொல்வாள். பட்டறைக்குப் போகும் முன்னால், கை நேராக நிற்கும். மத்தியானம் நான் கோலைப் பிடித்துக்கொண்டே தூங்குவேன். "இன்னாங்க தூங்கிகினு கீறீங்க?" என்று அவள் உலுக்கினால், "கண்ண மூடி கலர யோசிக்கறேன்" என்பேன்.

அந்த மாதம்தான் சுதாகர் பதினொரு சேலைக்கு நூல் கொடுத்தார். ஒரே கல்யாண வீடு, பதினொரு பெண்களுக்கும் ஒரே தாழம்பூ மஞ்சளில் சேலை உடம்பு. நூல் ஒரே அண்டாவில் அடங்காது, இரண்டு தடவையாகப் போட வேண்டும். இரண்டாவது தடவை போட்டது முதல் தடவையோடு மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். முதல் தடவை நன்றாக வந்தது. மறுநாள் மத்தியானம் இரண்டாவது. சிட்டத்தைத் தூக்கிப் பிழிந்தேன்.

தனக்கோடி நேற்றைய சாம்பிளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னாள். "சேரலீங்க. வெந்தயத்துக்குப் போயிடிச்சு."

"இன்னாடி தெரியும் உனக்கு? தாழம்பூ இது! முப்பது வருஷமா சிட்டம் அலசறவளுக்குக் கலர் தெரிஞ்சா அப்பால நான் எதுக்கு?"

ஆணியிலிருந்து சாம்பிள் கயிறு ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் பிடித்தாள். "இதுல தாழம்பூ எதுன்னு தொடுங்க."

நான் தொட்டேன். ஒரு சந்தேகமும் இல்லாமல், முப்பத்தோரு வருஷ அனுபவத்தோடு தொட்டேன். அது கிளிப்பச்சை.

இதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை, அவள் சொல்லித்தான் தெரியும். "கைய நீட்டுங்க" என்றாளாம். நீட்டினேனாம். இரண்டு கையும் ஈரச் சிட்டத்தை உதறுகிற மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டதாம். அப்படியே அடுப்புப் பக்கமாகச் சாய்ந்தேனாம். வேட்டி நுனி விறகில் பட்டுப் புகைந்ததாம். அக்குளில் கை கொடுத்து என்னை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அலசுகிற தொட்டித் தண்ணீரை வாரி அடுப்பில் கொட்டினாளாம். டாக்டர் கொடுத்து, கதவில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். ஃப்ளோரன்ஸ் டாக்டர், முதலில் பிளாஸ்திரியை உரித்துவிட்டு, ஒருக்களித்துச் சாய்த்து, வாயில் எதையும் ஊற்றாமல் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். சுதாகர் கார் கொண்டுவந்தார். கண்ணமங்கலம் தாண்டும்வரை நான் மஞ்சள் வகைகளை ஒப்பித்துக்கொண்டே போனேனாம். ஏழுக்கு மேல் ஒருமுறையும் போகவில்லையாம்.

மூன்றாம் நாள்தான் தெளிந்தேன். பின்பக்கமாக மருந்து ஏற்றி என்னைச் சுத்தம் செய்திருந்தார்கள், அந்த விவரம் வேண்டாம். வலி முழு ஊர்வலமாகத் திரும்பி வந்திருந்தது. கட்டில் பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் டாக்டர், அவரிடம் டாக்டருக்குப் படிக்கிற பெண் ஒருத்தி, ஸ்டூலில் தனக்கோடி.

"இவ்ளோ சின்ன பிளாஸ்திரில இப்படி ஆகாது" என்றார் டாக்டர். "ஒத்தடம் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"சிரப் ஒழுங்கா குடிச்சீங்களா?"

"குடிச்சங்க."

"அப்போ இந்த மருந்தே உங்களுக்கு ஒத்துக்கலன்னுதான் நான் முடிவு பண்ணணும். யோசிச்சுச் சொல்லுங்க."

தனக்கோடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்கிறேனா என்று காத்திருந்தாள். எனக்குள் கணக்கு ஓடியது. அண்டாவைப் பற்றிச் சொன்னால் பிளாஸ்திரி போகும், மறுபடி தரை, மறுபடி அவள் தோளில் தொங்கல். சொல்லாமல் இன்னொரு பிளாஸ்திரி வாங்கிவிட்டால் என்றைக்காவது உயிர் போகும், ஆனால் நின்றுகொண்டே போகும். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவதுதான் தேவலை என்று பட்டது. அந்த நாலு மாதத் தரை என்னை அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அப்போது அந்தப் படிக்கிற பெண் என் கையைப் புரட்டிப் பார்த்தாள். இந்த முறை யாரும் என் கையை ஊறவைத்துத் தேய்க்கவில்லை. மணிக்கட்டு வரைக்கும் சாயம்.

"மேடம், உள்ளங்கையைப் பாருங்க, இவ்ளோ மஞ்சள். காமாலை ரொம்ப அதிகமாயிருக்கு" என்றாள்.

எந்தப் பொய்யையும் என்னால் தாங்க முடியும். ஒரு கலரைத் தப்பாகச் சொன்னால் மட்டும் முடியாது. "காமாலையா? அது தாழம்பூம்மா!" என்று கத்திவிட்டேன். "அதுல கொஞ்சம் வெந்தயம் ஏறியிருக்குது, அவ்ளோதான்."

டாக்டர் என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீங்க உண்மையில என்ன வேலை பண்றீங்க?" என்றார்.

சொல்லிவிட்டேன். அண்டா, ஆவி, ஒரு அடி நெருங்கி நின்றது, சிரப், வெள்ளைச் சட்டை, எல்லாம். டாக்டருக்கு முகம் சிவந்தது. "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா போதுமே! அடுப்புல விழுந்திருந்தா என்னய்யா ஆகியிருக்கும்?" என்று சத்தம் போட்டார். எனக்கு அழுகை வந்தது. "தரையில கெடக்க முடியாதுங்கம்மா" என்றேன். "அதான் சொல்லல."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம், "உடம்பு எப்போலேர்ந்து மோசமாச்சுன்னு தெரிஞ்சா உதவியா இருக்கும்" என்று தனக்கோடியைக் கேட்டார்.

அவள் மஞ்சப்பையைத் திறந்து ஒரு கயிற்றை எடுத்தாள். எங்கள் சாம்பிள் கயிறு மாதிரிதான். ஆனால் அதில் மஞ்சள் நூல் மட்டும்தான் முடிந்திருந்தது. நாற்பது முடிச்சு இருக்கும். நான் பார்த்ததே இல்லை.

"இது என்னம்மா?" என்றார் டாக்டர்.

"அவரு கண்ணு" என்றாள் தனக்கோடி.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"பொங்கலுக்கு முன்னாடி ஒரு தபா சொன்னேன், மஞ்சளா கீதுன்னு. கலர் தெரியாதவன்னுட்டாரு. அப்பால வாயால சொல்லல. ஞாயித்துக்கெழம காலைல வெளில குந்தி பேப்பர் படிப்பாரு, அப்ப பாப்பேன். படுக்கையா கெடந்தப்ப ஜன்னல தொறந்து வெச்சி பாப்பேன். எந்த நூலோட சேருதோ அத்த வெட்டி முடிஞ்சி வெப்பேன். நூல காட்டினா ஒத்துக்குவாரேன்னு நெனச்சேன். காட்ட பயமா இருந்திச்சு. அதுவும் தப்புன்னுவாரு."

டாக்டர் ரிப்போர்ட் ஃபைலைப் பிரித்துத் தேதிகளைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். ரத்த டெஸ்டில் ஏறியிருந்த மாதத்தில் நூலும் ஏறியிருந்தது. இறங்கின மாதத்தில் இறங்கியிருந்தது. கடைசி ஐந்து முடிச்சு, நான் அண்டா முன்னால் ஞானம் பெற்ற ஐந்து வாரம், படிப்படியாக ஏறியிருந்தது. நான் கயிற்றை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பழக்கதோஷம், குற்றம் கண்டுபிடிக்கத்தான் பிடித்தேன். முதல் முடிச்சு இளஞ்சந்தனம். அப்புறம் சந்தனம். கடலைமாவு. எலுமிச்சை. ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. சுதாகர் சொல்வதற்கு முன்னாலேயே மூன்று மாதம் ஒவ்வொரு ஞாயிறும் நான் கெட்டுப்போவதை இவள் ஒரு ஆளாகப் பார்த்துக்கொண்டு, என் வாய்க்குப் பயந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பிளாஸ்திரி வேணும்னா அடுப்பு கூடாது. அடுப்பு வேணும்னா பிளாஸ்திரி கெடையாது. ரெண்டும் சேந்து கெடையாது" என்றார் டாக்டர். "அதுவும் பழைய அளவுல பாதிதான். வலி முழுசாப் போகாது. நிக்கற அளவுக்கு இருக்கும்."

நான் வாயைத் திறப்பதற்குள் தனக்கோடி சொன்னாள். "அண்டாவ நான் பாத்துக்கறேன் மேடம். அவரு நெழல்ல குந்திகினு கெடக்கட்டும்."

"உனக்குச் சாயம் போடத் தெரியுமா?" என்று கேட்டேன். முப்பது வருஷம் கூட நின்றவளைப் பார்த்துக் கேட்டேன்.

"அந்த ரெண்டாவது தாழம்பூவ நேத்து வீட்டுக்குப் போயி நான்தான் சரி பண்ணி சுதாகர் கைல குடுத்தேன்" என்றாள். "சேந்துடிச்சு."

இப்போது அண்டாவுக்கும் எனக்கும் பதினைந்து அடி. நாற்காலியை அந்தப் பக்கம் ஒரு அடி நகர்த்தினால் அவள் கோலைத் தூக்கிக் காட்டுகிறாள். சிரப் குடிக்கிறேன், ஓடுகிறேன், திரும்பி வந்து உட்காருகிறேன். வலி இருக்கிறது. கக்கூஸுக்குத் தனியாகப் போகிறேன், எனக்கு அது போதும். கலர் பார்க்க எப்போதாவது கூப்பிடுகிறாள். மரியாதைக்குத்தான் என்று தெரியும், ஆனாலும் எழுந்து போய், விரலில் சாயம் ஏற ஈர நூலை உருட்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ம்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

தினமும் காலையில் முற்றத்து வெளிச்சத்தில் என்னை நிற்கவைத்துக் கையை நீட்டச் சொல்கிறாள். அப்புறம் ஐந்தே முடிச்சுப் போட்ட ஒரு சின்னக் கயிற்றைக் கண் பக்கத்தில் பிடிக்கிறாள். ஒன்று, இரண்டு என்றால் பட்டறை. மூன்று வந்தால் வேலூர். இது டாக்டரும் அவளும் பேசிவைத்த ஏற்பாடு. என்னைக் கேட்கவில்லை. நாலு மாதமாக இரண்டிலேயே நின்றது.

இன்று காலை கயிற்றைப் பிடித்தவள் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தாள். இடது கண்ணைப் பார்த்தாள், வலது கண்ணைப் பார்த்தாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"மூணுங்க" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். மூன்று இல்லை, இரண்டரை என்று சொல்லலாம். மேகமூட்டம் வேறு, மேகத்தில் எந்த மஞ்சளும் அரைப் புள்ளி கூடத்தான் தெரியும். இதையெல்லாம் சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் கயிற்றை இன்னும் கீழே இறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூணுதான்" என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு, கையைத் தேய்க்காமல் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.